சகாயம் அண்ணனுக்கு ஒரு தேதி

1

நாகர்கோவிலிலிருந்து ஒரு நண்பர் இந்தக் குறிப்புகளைக் கேட்டபோது ஹெலிகாப்டரைப் பற்றி எழுதுங்கள் என்றார். கயிற்றில் தொங்குவது, பனிமலை, கடல் எல்லாம் வரட்டும், படிக்கிற பிள்ளைகளுக்கு உற்சாகமாக இருக்கும் என்றார். எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் மூன்று வாரமாக மனசில் வேறொன்று கிடக்கிறது. அதைத் தள்ளி வைத்துவிட்டு மற்றதை எழுத வரவில்லை. என் அண்ணன் மனைவி, மைனி, அவரிடம் கேட்டேன். "எழுது, பேரை மட்டும் மாத்திரு" என்றார். மாற்றியிருக்கிறேன். ஊர்ப் பெயரை மாற்ற எனக்கு மனசு வரவில்லை.

நான் நியூசிலாந்தின் தெற்குத் தீவில் மீட்பு ஹெலிகாப்டரில் பாராமெடிக். ஆம்புலன்ஸ் போக முடியாத இடத்துக்குக் கயிற்றில் இறங்கிப் போய் முதல் மருத்துவம் பார்க்கிறவன். மேலே ஒருவர் கயிற்றை இறக்குவார், கீழே தொங்குகிறவன் நான். மலையில் கால் ஒடிந்தவர்கள், பாறையில் நின்று தூண்டில் போடும்போது அலை இழுத்துக்கொண்டு போனவர்கள், படகு கவிழ்ந்தவர்கள், இவர்கள்தான் என் ஆட்கள். நாகர்கோவிலில் நர்சிங் படித்து, வளைகுடாவில் ஆறு வருஷம் ஆம்புலன்ஸில் ஓடி, இங்கே வந்து மறுபடியும் பெஞ்சில் உட்கார்ந்து பரீட்சை எழுதித்தான் இந்தக் கயிற்றுக்கு வந்து சேர்ந்தேன். கடியப்பட்டணத்தில் பிறந்துவிட்டுக் கடலுக்குப் பயந்து ஊசி போடப் போனவன் என்று ஊரில் என்னைக் கேலி செய்வார்கள். அவர்கள் சொன்னது உண்மைதான். எனக்கு வள்ளத்தில் ஏறினாலே வாந்தி வரும்.

முதல் வருஷம் பதற்றத்தில் வாயில் தமிழ் வந்துவிடும். ஒரு தடவை இடுப்பெலும்பு முறிந்த கிழவர் ஒருவரை என்னோடு சேர்த்துக் கட்டி மேலே ஏற்றும்போது, "ஒண்ணும் இல்ல மக்கா, ஒண்ணும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே வந்திருக்கிறேன். ரேடியோவில் எல்லாருக்கும் கேட்டது. கயிறு இறக்குகிற வெள்ளைக்காரர் அதைப் பிடித்துக்கொண்டார். இப்போது என்னைக் கதவைத் தாண்டி இறக்கும் முன்னால் ஒவ்வொரு தடவையும் "ஒண்ணும் இல்ல மக்கா" என்று அவர்தான் சொல்கிறார். உச்சரிப்பு மோசம். இருந்தாலும் அதைக் கேட்காமல் இறங்கினால் எனக்கு என்னவோ போல் இருக்கும்.

2

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மைனி போன் செய்தார். ஊரில் அப்போது காலை எட்டு மணி. நான் தளத்தில் கயிற்றுப் பட்டைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

"டியூட்டியில இருக்கியா மக்கா?"

"இருக்கேன் மைனி. சொல்லுங்க."

"ஜெனிஷாவுக்கு வார ஞாயிறு முதல் ஓலை. உபதேசியார் வந்து கேக்குதாரு, அப்பன் பேரை எப்படி வாசிக்கட்டுன்னு."

ஜெனிஷா என் அண்ணன் மகள். ஓலை என்றால் எங்கள் கரையில் எல்லாருக்கும் தெரியும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில், இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று கோயிலில், அதாவது சர்ச்சில், சாமியாருக்கு உதவியாக இருக்கிற உபதேசியார் வாசிப்பார். தகப்பன் உயிரோடு இருந்தால் கோயிலுக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று வாசிப்பார்கள். சகாயம் அண்ணன் இந்த இரண்டிலும் இல்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால் கடலில் காணாமல் போனவர்.

"சும்மா சகாயம் மகள்னு வாசிச்சா, கையெழுத்து எங்கன்னு மாப்பிள்ளை பங்குக் கோயில்ல கேப்பாவளாம். காலஞ்சென்றன்னு வாசிக்கணும்ன்னா கோயில் சாவு ரிஜிஸ்டர்ல பேரு ஏறணுமாம். அதுல தேதி போடணுமாம்" என்றார் மைனி. பிறகு, "நீ இந்த வேலை பாக்குதவன். நீ சொல்லு, நான் என்ன செய்யட்டு?" என்றார்.

"மைனி, இங்க மணி அடிக்குது. பறக்கணும். அப்புறம் கூப்பிடுதேன்" என்றேன்.

"செரி மக்கா, பாத்துப் போ. ஞாயித்துக்குள்ள கூப்பிடு."

மணி அடிக்கவில்லை. அன்று முழுக்க ஒரு அழைப்பும் வரவில்லை.

3

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஐப்பசியில் அண்ணனும் இன்னும் இரண்டு பேரும் பைபர் வள்ளத்தில் வலைக்குப் போனார்கள். காலையில் காற்று திசை மாறிச் சுழன்றடித்தது. வள்ளம் கவிழ்ந்துவிட்டது. மூன்று பேரும் கவிழ்ந்த வள்ளத்தைப் பற்றிக்கொண்டு கிடந்தார்கள். மறுநாள் சாயங்காலம் கொல்லம் பக்கத்து விசைப்படகு ஒன்று அந்த இரண்டு பேரைக் கண்டு ஏற்றியது. அண்ணன் அங்கே இல்லை.

அவர்கள் சொன்னது இதுதான். முதல் நாள் உச்சி வெயிலில், வள்ளத்தில் கட்டியிருந்த குடிவெள்ளக் கேன் அவிழ்ந்து மிதந்து போனது. வெள்ளைக் கேன், பாதி தண்ணீர் இருந்தது. "நான் எடுத்திட்டு வாறேன்" என்று அண்ணன் நீந்திப் போனார். அலை ஏறி இறங்கும்போது இரண்டு மூன்று தடவை தலை தெரிந்தது. பிறகு தெரியவில்லை. கேனைப் பிடித்தாரா இல்லையா என்று அவர்கள் பார்க்கவில்லை.

இதையெல்லாம் நான் இங்கேயிருந்து போனில் கேட்டேன். உடனே கிளம்பியிருக்க வேண்டும். அப்போது எங்கள் நிரந்தரக் குடியேற்ற விண்ணப்பத்துக்காக மூன்று பேர் பாஸ்போர்ட்டும் அலுவலகத்தில் கிடந்தன. எடுத்தால் விண்ணப்பம் பின்னுக்குப் போகும் என்றார்கள். எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனால் திரும்ப உள்ளே வர விசா இருக்குமா என்று கேட்டதற்கு, அதை வேறு பிரிவில் கேளுங்கள் என்றார்கள். வேறு பிரிவில் மின்னஞ்சல் அனுப்பச் சொன்னார்கள். அண்ணன் கடலில் கிடக்கும்போது நான் மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருந்தேன். இதை எப்படிச் சொன்னாலும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

அதனால் என்னால் முடிந்ததைச் செய்தேன். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பாதி நிறைந்த கேன் மிதக்கும், ஆளைத் தாங்கும். அதில் குடிக்கத் தண்ணீரும் இருக்கிறது. எங்கள் ஊர்க் கடல் இந்த ஊர்க் கடல் மாதிரி ஐஸ் இல்லை.

"கேன் இருக்கு மைனி. அண்ணன் கேனைப் பிடிச்சிருப்பாவ. நாலு நாளு தாங்கும். தேடுதாவ, கெடைப்பாவ" என்று மூன்றாம் நாள் முழுக்கச் சொன்னேன். அன்றைக்கு அது பொய் இல்லை. நான் முழுசாக நம்பினேன்.

நாலாம் நாள் தளத்துக் கணினி முன்னால் உட்கார்ந்தேன். தேடும்போது பயன்படுத்துகிற ஒரு கணிப்பு அதில் உண்டு. தண்ணீரின் சூடு, காற்று, ஆளின் வயது, எடை, உடுப்பு, பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். அண்ணனின் எடை எனக்குத் தெரியவில்லை. உத்தேசமாகப் போட்டேன். உடுப்பு, பருத்திச் சட்டை. பிடித்துக்கொள்ள, கேன். கடைசியில் அது சொன்ன நேரம் அன்று காலையோடு முடிந்திருந்தது. எடையைக் கொஞ்சம் கூட்டிப் போட்டுப் பார்த்தேன். பெரிய வித்தியாசம் வரவில்லை. கணினியை மூடிவிட்டு மைனிக்குப் போன் செய்து, "கேன் இருக்குல்லா மைனி" என்றேன்.

ஊர் வள்ளங்கள் எல்லாம் தேடித் திரும்பிய பிறகும், ஏதாவது கப்பல் ஏற்றிக்கொண்டு தூரத் துறைமுகத்துக்குப் போயிருக்கும் என்றேன். அப்படிப் போய் பல மாசம் கழித்துத் திரும்பிய ஆட்களின் கதை எங்கள் கரையில் உண்டு. மைனி அதை நம்பினார். ஒவ்வொரு ஐப்பசியிலும் ஒரு பூசைக்குக் கொடுப்பார். பூசை தொடங்கும் முன்னால் யாருக்காக, எதற்காக என்று கருத்து வாசிக்கும்போது, செத்தவர்களுக்கு "ஆன்மா இளைப்பாற" என்று வாசிப்பார்கள். அண்ணனுக்கு மட்டும் "காணாமல் போன சகாயம் நலமாகத் திரும்பி வர வேண்டி" என்று வாசிப்பார்கள். வாசித்துவிட்டார்கள் என்று மைனி என்னிடம் போனில் சொல்வார். நானும் நல்லது மைனி என்பேன்.

எனக்கும் இங்கே ஒரு படிவம் உண்டு. குடியேற்றத்துக்கு, குடியுரிமைக்கு, பாதுகாப்புச் சரிபார்ப்புக்கு என்று எத்தனையோ தடவை உடன்பிறந்தோர் விவரம் கேட்டார்கள். உயிருடன், காலமானார் என்று இரண்டு கட்டம்தான். மூன்றாவது கட்டம் இல்லை. ஒவ்வொரு தடவையும் உயிருடன் என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

4

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஆள் காணாமல் போனால் ஹெலிகாப்டரில் நாங்கள் தேடுவோம். ஆனால் தேடலை நிறுத்தியாயிற்று என்பதை நாங்கள் ஒருபோதும் சொல்வதில்லை. அதற்குப் போலீஸில் பயிற்சி பெற்ற ஒருவர் இருப்பார். அவர் குடும்பத்தாரை உட்காரவைத்து, தானும் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் சொல்வார். குடும்பத்தார் எங்களைக் கேட்டால் நாங்கள் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம், தேடிக்கொண்டிருக்கிறோம். பதினோரு வருஷமாக இந்த வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லி நாக்கு பழகிவிட்டது. அடுத்த வாக்கியத்தைச் சொல்ல நான் படிக்கவே இல்லை.

மைனி போன் செய்ததற்கு இரண்டு நாள் கழித்து, வியாழக்கிழமை, ஒரு தேடல் வந்தது. பாறையிலிருந்து ஒருவர் கடலில் விழுந்துவிட்டார். எண்ணெய் நிரப்ப நாங்கள் கரைக்குத் திரும்பும்போது அவர் மனைவி ஓடி வந்தார். ஹெலிகாப்டர் திரும்பினால் ஆள் கிடைத்துவிட்டது என்றுதான் கரையில் நிற்கிறவர்கள் நினைப்பார்கள். அந்த அம்மாள் கையில் ஒரு கனத்த ஜாக்கெட். தண்ணீரிலிருந்து வருகிறவருக்குக் குளிரும் என்று கொண்டு வந்திருக்கிறார்.

"தேடிக்கொண்டிருக்கிறோம்" என்றேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நாங்கள் கடைசியாக இறங்கியபோது, கார் நிறுத்துமிடத்தில் போலீஸ்காரர் அவரிடம் பேசிக்கொண்டிருந்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த அம்மாள் அழுதார். பிறகு ஜாக்கெட்டை மடித்தார், கைகளை உள்ளே மடக்கி, ஒழுங்காக. அக்காள் போல் ஒருத்தி வந்து கூட்டிக்கொண்டு போனாள். எனக்கு அந்தப் போலீஸ்காரர் மேல் பொறாமையாக இருந்தது. நான் ஏழு வருஷமாகச் செய்யாததை அவர் ஒரு நிமிஷத்தில் செய்துவிட்டார்.

அன்று வீட்டில் கிரேஸிடம், அவள்தான் என் மனைவி, எல்லாவற்றையும் சொன்னேன். என் மகள் ரியாவும் மேசையில் இருந்தாள். பதினைந்து வயது. தமிழ் காதில் ஏறும், வாயில் வராது. சாப்பிட்டாச்சு, வேண்டாம், போதும், இவ்வளவுதான் இப்போது மிச்சம். அண்ணன் அவளைச் சின்னப் பிள்ளையில் வள்ளத்தில் ஏற்றி உட்காரவைத்த போட்டோ ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. அவளுக்கு அந்த முகம் ஞாபகம் இல்லை. ஆனால் இங்கே கடற்கரையில் நீச்சல் காவல் பயிற்சிக்குப் போகிறாள். தண்ணீரில் கிடப்பவர் எவ்வளவு நேரம் தாங்குவார் என்பதை அங்கே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

"ஊர்க் கடல் எத்தனை டிகிரி?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"இருபத்தெட்டு."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்போ உனக்கு அந்த வாரமே தெரியும்தானே, அப்பா?"

தெரியும் என்றேன்.

"ஏன் அவங்களுக்குச் சொல்லல?"

கோபமாகக் கேட்கவில்லை. பாடத்தில் புரியாத இடத்தைக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். மைனிக்கு யாருமில்லை, நான் தூரத்தில் இருக்கிறேன், அந்த நம்பிக்கையாவது இருக்கட்டும் என்று நினைத்தேன் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். பாதியில் கிரேஸ் குறுக்கிட்டாள். "நம்பிக்கை அவிங்களுக்கு இல்ல, உங்களுக்கு. நீங்க போகல்ல. போகாததுக்குப் பதிலா இது ஒண்ணைக் குடுத்தீங்க."

இருபது வருஷ தாம்பத்தியத்தில் அவள் சொன்ன மிகக் கடுமையான பேச்சு அது. ரியா தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

5

சனிக்கிழமை மைனியைக் கூப்பிட்டேன். உட்கார்ந்திருக்கிறீர்களா என்று கேட்டேன். பின்வாசலில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார். நானும் உட்கார்ந்தேன்.

"மைனி, ஒண்ணு சொல்லணும். கோவப்பட்டாலும் பரவால்ல, முழுசும் கேட்டிருங்க."

"சொல்லு."

சொன்னேன். அண்ணன் இல்லை. கப்பல் எதுவும் ஏற்றவில்லை. ஏற்றியிருந்தால் ஒரு வாரத்துக்குள் தகவல் வந்திருக்கும். இது எனக்கு நாலாம் நாளே தெரியும். தெரிந்துகொண்டுதான் இத்தனை வருஷமும் உங்களிடம் வேறு மாதிரி பேசினேன். என்னை மன்னிக்க வேண்டும் என்றேன்.

மைனி அழவில்லை. யாரோ மீன்காரரின் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு தெருவைத் தாண்டிப் போனது கேட்டது.

"நாலாம் நாளேயா?"

"ஆமா மைனி."

"ஏழு வருஷமும் அவிய திரும்பி வர வேண்டின்னுதான் பூசைக்குக் குடுத்தேன். அவிய ஆன்மாவுக்குன்னு நான் ஒரு பூசை வைக்கல்ல தம்பி. செத்த ஆளுக்கு ஒரு செபம் சொல்லல்ல. கல்லறைத் திருநாளுக்கு ஊரே மெழுகுதிரி கொளுத்தும். நான் கொளுத்தினா அவிய செத்ததா ஆயிருமேன்னு வீட்டுக்குள்ளயே இருந்தேன்."

இதை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. மைனி தனியாக இருப்பார், காத்திருப்பார் என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். அண்ணனுக்குச் சேர வேண்டிய செபங்களை நான் ஏழு வருஷம் தடுத்து வைத்திருந்தேன் என்பது அந்த நிமிஷம்தான் புரிந்தது. நான் எவ்வளவு விசுவாசி என்பது வேறு விஷயம். மைனி விசுவாசி.

"திட்டுங்க மைனி" என்றேன்.

"திட்டி இனி என்ன செய்ய." பிறகு, "ஜெனிஷாட்ட நான் சொல்லிக்கிடுதேன். இப்பம் தேதி சொல்லு. இன்னைக்கே உபதேசியார்ட்ட குடுக்கணும்" என்றார்.

என் வேலையில் நேரத்தைத் தவறாக எழுதக் கூடாது. ஒரு ஆள் என் கையில் போனால் மணி, நிமிஷம் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போடுகிறவன் நான். அந்தப் பழக்கத்தில்தான் பேசினேன். கேன் கிடைக்காமல் போயிருந்தால் முதல் நாளே, இருட்டுவதற்குள். கேனைப் பிடித்திருந்தால் மூன்றாம் நாள், அதிகம் போனால் நாலாம் நாள் காலை.

"நீ என்ன நினைக்குத? பிடிச்சிருப்பாவளா?"

இனி பொய் சொல்வதில்லை என்று தீர்மானித்துத்தான் போனை எடுத்திருந்தேன். அண்ணன் நீந்துவதை நான் பார்த்திருக்கிறேன். கரையிலிருந்து கடலுக்குள் நிற்கிற பாறைவரை போய்விட்டு மூச்சு வாங்காமல் திரும்பி வருவார். அவருக்கு அந்தக் கேன் ஒரு தூரமே இல்லை.

"பிடிச்சிருப்பாவ மைனி. நாலாம் நாளுன்னுதான் நான் நினைக்கேன்."

"தம்பி, முதல் நாளுன்னு எழுதச் சொல்லுதேன்."

"மைனி, அது..."

"நீ சொன்னது சரியாத்தான் இருக்கும். ஆனா இனி வருஷா வருஷம் நான் பூசை வைக்கணும்லா. நாலாம் நாளுன்னு எழுதினா, ஒவ்வொரு வருஷமும் அந்த நாலு நாளும் நானும் அவிய கூட வெள்ளத்தில கெடக்கணும். என்னால முடியாது மக்கா. முதல் நாளே இருக்கட்டு."

"செரி மைனி. அப்படியே எழுதட்டு."

"நீ சொல்லு."

"என்ன மைனி?"

"இத்தனை வருஷமும் நீதான சொன்ன. இதையும் நீயே ஒருக்கா சொல்லு. நான் கேட்டுக்கிடுதேன்."

கிரேஸும் ரியாவும் அடுத்த அறையில் இருந்தார்கள். அவர்கள் பேச்சை நிறுத்திவிட்டது தெரிந்தது.

"அண்ணனுக்குக் கேன் கெடைக்கல்ல மைனி. முதல் நாளே போயிட்டாவ. ரொம்ப நேரம் கெடக்கல்ல" என்றேன்.

"செரி மக்கா" என்று சொல்லிவிட்டு மைனி உபதேசியார் வீட்டுக்குக் கிளம்பினார்.